காரைக்குடியில் உயிரியல் படித்தவர் நோய்ப்பரவியலாளர் (நோய் யாரிடம், எங்கே, ஏன் பரவுகிறது என்று ஆராய்பவர்) ஆக முடியுமா? வேலை எப்படி இருக்கும்?

ஆகலாம், ஆனால் மருத்துவம் படித்தவருக்கும் பிறருக்கும் பாதை ஒன்றல்ல. மருத்துவர்கள் சமூக மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்து வருகிறார்கள். மற்றவர்கள் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பின் வழியே நுழையலாம். சேர்க்கைத் தகுதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், அறிவிப்பை முழுமையாகப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இத்துறையில் முக்கியமானது.

வேலையின் இயல்பை உங்கள் ஊரைக் கொண்டே விளக்குகிறேன். செட்டிநாட்டில் டெங்கு பரவுவதாகக் கொள்வோம். முதலில் யாரை நோயாளியாகக் கணக்கிடுவது என்ற வரையறையை வகுத்து, காய்ச்சல் தொடங்கிய நாளையும் வசிக்கும் தெருவையும் வரிசைப்படுத்தி, எந்தத் தெருவில் எப்போது எண்ணிக்கை ஏறியது என்று பார்க்க வேண்டும். பின்னர் வீடுவீடாகச் சென்று, சோதித்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனையில் டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தது என்று கணக்கிடுவார்கள். உரிமையாளர்கள் வெளியூரில் வாழ்வதால் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் இங்கு ஏராளம். அவற்றின் முற்றத்து அண்டாக்களில் மழைநீர் தேங்கியிருந்தாலும், திறந்து பார்க்காதவரை அவை கணக்கில் வராது, விகிதம் குறைவாகவே தோன்றும். அந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சாவி வைத்திருப்பவரைத் தேடிப் போவதுதான், என் மதிப்பீட்டில், இத்தொழிலின் சாரம். (கணினியில் வரைபடம் போடுவது பிறகு வரும் சுகம்.)

புள்ளியியலை இப்போதே பழகத் தொடங்குங்கள். மாவட்ட அளவிலான பணிகள் பல ஒப்பந்த அடிப்படையிலானவை என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.