டப்பாவின் முன்பக்கத்து ஆமையை நம்பாதீர்கள்

கேள்வி: எங்கள் ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமையின் பின்னங்காலைத் தொட்டிக்குள் கிடந்த கல்லின் முனை கிழித்துவிட்டது. நகம் அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. கடையில் ஆமைக்கென்றே ஸ்ப்ரே, களிம்பு, தண்ணீரில் போட்டு வைக்கும் மருந்துக் கட்டி என்று மூன்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

வாங்கும் முன் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் ஆமை சிரித்துக்கொண்டுதான் இருக்கும். பின்பக்கத்தில் மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கிறதா என்பதுதான் விஷயம். ‘இயற்கைச் சேர்மங்கள்’, ‘விரைவில் ஆற்றும்’ என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மூன்றில் மருந்துக் கட்டியை முதலில் கழித்துவிடலாம். இந்தக் கட்டிகளில் பெரும்பாலும் இருப்பது பாக்டீரியாவை அடக்கும் சல்ஃபா வகை மருந்து. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரில் கரையும். அதில் எவ்வளவு புண்ணில் பட்டது, எவ்வளவு ஃபில்டரோடு போனது என்று விற்றவராலும் சொல்ல முடியாது. அளவு தெரியாத மருந்து, மருந்தே போடாததைவிட மோசம். போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் பத்து நாள் ஓடிவிடும்.

ஸ்ப்ரேயும் களிம்பும் அந்தப் பின்பக்கத்தைப் பொறுத்தவை. ஆமைப் புண்ணுக்கு மருத்துவர்கள் கையாளும் பொருள்கள் பெரும்பாலும் மனிதர்களுக்கான மருந்துக் கடையிலேயே இருப்பவை: கழுவ 0.9% சலைன் (உப்பு நீர்), கிருமி நீக்கப் போவிடோன் அயோடின், மேலே தடவ 1% சில்வர் சல்ஃபாடயசின் கிரீம்.

போவிடோன் அயோடினில் ஒரு பொறி உண்டு, நானே விழுந்தது. அவசரத்தில் பெயரை மட்டும் பார்த்து வாங்கி வந்து கிண்ணத்தில் ஊற்றித் தண்ணீர் சேர்த்தேன். குபுகுபுவென்று நுரை எழுந்தது. லேபிளின் ஓரத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், ‘ஸ்க்ரப்’ என்று இருந்தது. அது அறுவை சிகிச்சைக்கு முன் கை கழுவும் சோப்பு கலந்த சரக்கு. திறந்த புண்ணில் படக் கூடாது. உங்களுக்கு வேண்டியது ‘சொல்யூஷன்’. 10% சொல்யூஷனை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, பால் ஊற்றாத லேசான டீயின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்படியே ஊற்றினால் கிருமியோடு புதிதாக முளைக்கும் தோலும் சேர்ந்து சாகும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு பொங்குவதைப் பார்த்து வேலை செய்கிறது என்று மகிழ்கிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

கிருமி நீக்கக் குளோர்ஹெக்ஸிடினும் நல்ல மருந்து. ஆனால் புண்ணுக்கு 0.05% போதும். 2% பாட்டிலாக இருந்தால் ஒரு பங்குக்கு 39 பங்கு தண்ணீர். ஆல்கஹால் கலந்ததையும், வாய் கொப்பளிக்க விற்பதையும் தொட வேண்டாம். கண் பக்கம் போகக் கூடாது. அதில் ஆமையை ஊற வைக்கவும் கூடாது.

சில்வர் சல்ஃபாடயசின் வெள்ளை நிறத்தில், தயிரை அடித்த மாதிரி இருக்கும். தீக்காயத்துக்குத் தடவுவது இதைத்தான். தண்ணீரில் வாழும் ஆமையின் புண்ணில் அடிக்கடி குடியேறும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களை இது அடக்கும் என்பதால் ஆமை மருத்துவர்களுக்குப் பிடித்த மருந்து. மருந்துச் சீட்டு கேட்டால் கடைக்காரரோடு மல்லுக்கட்டாதீர்கள். எப்படியும் புண்ணை மருத்துவர் ஒருவர் பார்க்கத்தான் வேண்டும். புண்ணுக்கடியில் எலும்பு தெரிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, ஆமை தீனி எடுக்காமல் கிடந்தாலோ மருந்துக் கடைக்கே போகாமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.

எந்தக் களிம்பானாலும் தடவிய கையோடு தண்ணீரில் விட்டால் பணம் தண்ணீரில்தான். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்குவதைப் பார்த்தால் தெரியும், மருந்து எங்கே போனது என்று. அதனால் ஆமையை வெளியே எடுத்துச் சுத்தமான துண்டு விரித்த பெட்டியில் வையுங்கள். புண்ணைக் கழுவி, ஒற்றி எடுத்து, மருந்தை மெல்லிய படலமாகத் தடவுங்கள். நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீரில் விட்டால் போதும். ஸ்லைடர்கள் தீனியைத் தண்ணீருக்குள்தான் விழுங்கும். குடிப்பதும் கழிப்பதும் அப்போது நடந்துவிடும். வெளியே எடுத்ததும் திரும்பக் கழுவி, துடைத்து, மருந்து.

களிம்புக்கு முன் வாங்க வேண்டிய பொருள் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள்: தெர்மாமீட்டர். ஆமையின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றுப்புறம் குளிர்ந்தால் ரத்த ஓட்டம், எதிர்ப்பு சக்தி, தோல் வளர்வது எல்லாம் மந்தமாகும். ஸ்லைடர் வெயில் காயும் இடம் 32 டிகிரி செல்சியஸ் அளவிலும், தண்ணீர் 24 முதல் 28-க்குள்ளும் இருக்கட்டும். பெட்டியில் வைத்திருக்கும் நேரத்திலும் சூடு வேண்டும், ஒரு பக்கம் விலகிக்கொள்ள இடம் விட்டு. என்ன செய்தாலும் நம் கை வெட்டு ஆறுகிற வேகத்தில் இது ஆறாது. வாரக்கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள். மேலே தட்டிய பொருக்கைப் பிய்க்காதீர்கள். அதற்கு அடியில்தான் புதுத் தோல் நகர்ந்து வருகிறது.

அந்தக் கல்லை எடுத்துவிட்டீர்கள்தானே?

கேள்வி: எனக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் களிம்பு பாதி மிச்சம் இருக்கிறது. ஆமைக்குப் போடலாமா? வீணாகப் போகிறதே.

டியூபின் மடிப்பில் தேதி தாண்டியிருந்தால் பேச்சே இல்லை. தாண்டவில்லை என்றால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ‘கெயின்’ என்று முடியும் பெயர் (லிடோகெயின், பென்சோகெயின்) இருந்தால் வேண்டாம். வலி மரக்கச் சேர்க்கும் மருந்து அது. மருத்துவர் எடை பார்த்துப் போடுவது வேறு. கால் கிலோ ஆமைக்கு நாம் விரலால் அள்ளிப் பூசுவது வேறு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஹைட்ரோகார்ட்டிசோன் இருந்தாலும் வேண்டாம். இவை ஸ்டீராய்டு. சிவப்பு சீக்கிரம் வடியும், புண் ஆறியது போலத் தெரியும். உள்ளே எதிர்ப்பு சக்தி அடங்கி, கிருமிக்குக் கொண்டாட்டம். அரிப்புக்கு, படைக்கு என்று வாங்கும் கூட்டுக் களிம்புகளில் இது சொல்லாமல் ஒளிந்திருக்கும்.

இரண்டும் இல்லாத வெறும் ஆன்டிபயாடிக் களிம்பு என்றால் சிறு சிராய்ப்புக்குப் பரவாயில்லை. ஆனால் வாசலின் போன்ற பிசுக்கு அடிப்படை, ஈரத்தை அடியில் பூட்டி வைக்கும். நீர்வாழ் ஆமைக்குக் கிரீமே மேல்.

கேள்வி: தோட்டத்தில் வளர்க்கும் நில ஆமையின் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. கால்நடைகளுக்கான புழுப்புண் மருந்து கைவசம் இருக்கிறது. அவசரம்.

அதைக் கீழே வையுங்கள். கால்நடைப் புழு மருந்துகள் பலவற்றில் ஐவர்மெக்டின் இருக்கும். மாட்டுக்கும் நாய்க்கும் மருந்தாகும் அது ஆமைக்கு நஞ்சு. நரம்பு மண்டலத்துக்குள் புகுந்து, கைகால் துவண்டு, மூச்சு நின்றுபோகும். பூச்சிக்கொல்லி கலந்த ஸ்ப்ரேக்களும் வேண்டாம். சலைனால் பீய்ச்சிக் கழுவி, கண்ணில் படும் புழுக்களை இடுக்கியால் எடுத்து, ஈ அண்டாத அறைக்குள் வைத்து, இன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். எடுக்கப் போகும் முன் கையுறை மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு சோப்பால் கழுவுங்கள். ஆமைகள் சால்மொனெல்லா என்ற, மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாவைச் சுமப்பவை.

கேள்வி: ஆமையின் காதுப் பக்கம் வீங்கியிருந்தது. ‘எல்லாக் கட்டிக்கும்’ என்று எழுதியிருந்த ஸ்ப்ரேயை வாங்கி மூன்று வாரம் அடித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேளுங்கள். பில், டப்பா, பேட்ச் எண், அந்த வாசகத்தின் படம், வீக்கத்தின் படம் எல்லாம் தேதியோடு இருக்கட்டும். எழுத்திலேயே கேளுங்கள். ‘நீங்கள் சரியாக அடிக்கவில்லை’ என்று பதில் வரும். அதற்கான மறுமொழி இது: ஆமையின் சீழ் நம்முடையதைப் போல நீராக இருக்காது. பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாகத் திரண்டு, பையில் அடைத்ததுபோல் இருக்கும். அது தானாக வடியாது, மேலே அடிக்கும் எதுவும் உள்ளே போய்க் கரைக்கவும் செய்யாது. கீறித்தான் எடுக்க வேண்டும். ஆக, எப்படி அடித்திருந்தாலும் அந்த வாசகம் பலித்திருக்காது.

பணம் வருகிறவரை ஆமையைக் காக்க வைக்காதீர்கள். காதுக் கட்டிக்குப் பின்னால் வைட்டமின் ஏ குறைபாடு இருப்பது சகஜம். தீனியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் வைட்டமின் ஏ சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம். கூடினால் தோலே உரியும்.

கேள்வி: கழுத்திலும் காலிலும் கண்ணாடித்தாள் மாதிரி வெள்ளையாகத் தோல் தொங்குகிறது. பூஞ்சை மருந்து வாங்கவா?

அடியில் இருக்கும் தோல் பளிச்சென்று இருந்து, நாற்றமும் சிவப்பும் இல்லை என்றால் அது சட்டை உரிப்பதுதான். ஒன்றும் வாங்க வேண்டாம்.