டிஎன்ஏ சேதத்தால் வந்த நோய்க்கு, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் மருந்தா?

கேள்வி: டாக்டர், என் அக்காவுக்கு 46 வயது. போன வருடம் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ வகை என்றார்கள். கீமோ, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு மூன்றும் முடிந்துவிட்டன. ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்ததில் பிஆர்சிஏ1 மரபணுவில் கோளாறு என்று வந்திருக்கிறது. இனி ஓராண்டுக்கு ஓலாபரிப் என்ற மாத்திரை சாப்பிட வேண்டுமாம். டிஎன்ஏ சேதமாவதால்தான் புற்றுநோய் வருகிறது என்கிறார்கள். கீமோவும் கதிர்வீச்சும் அந்த டிஎன்ஏவைத்தானே சேதப்படுத்துகின்றன? இந்த மாத்திரையோ, சேதத்தைச் சரிசெய்ய விடாமல் தடுக்குமாம். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி இல்லையா இது?

எனக்கு 41 வயது. நானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அக்காவின் மருத்துவர் சொல்கிறார். எனக்கு 19 வயதில் மகளும் 15 வயதில் மகனும் இருக்கிறார்கள். “வெளியே தெரிந்தால் நாளைக்குப் பெண்ணை யார் கட்டுவார்கள்” என்று அம்மா தடுக்கிறார். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். அம்மா வழியில் யாருக்கும் இல்லை. அப்பாவுக்கு 74 வயது, நன்றாக இருக்கிறார். இன்னொன்று: ரத்தம் சுத்தமாகும் என்று அம்மா ஊரிலிருந்து ஆடுதின்னாப்பாளைப் பொடி வரவழைத்து அக்காவுக்குக் கொடுக்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். அந்தப் பொடியை இன்றே நிறுத்துங்கள்.

அம்மா பாசத்தில்தான் கொடுக்கிறார். ஆனால் ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகள். அவற்றில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதியியல் எழுத்துகளில் எழுதிய தகவல். அந்த அமிலம் அதில் போய் ஒட்டிக்கொண்டு, ‘ஏ’ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ என்ற எழுத்து வரும்படி செய்துவிடும். 2013இல் சிங்கப்பூர், தைவான் ஆய்வாளர்கள் சிறுநீர்ப் பாதையில் வந்த புற்றுக்கட்டிகளின் டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படித்தபோது, ‘ஏ’ போய் ‘டி’ வந்த இந்தத் தடம் அவற்றில் நிறைந்து கிடந்ததைக் கண்டார்கள். 2017இல் தைவான் நோயாளிகள் 98 பேரின் கல்லீரல் கட்டிகளைப் பார்த்தார்கள். அவற்றில் 78 விழுக்காட்டில் அதே தடம். எந்தப் பொருள் கெடுத்தது என்பதைக் கட்டியின் டிஎன்ஏவே காட்டிக்கொடுக்கிறது. வெயில் ஒரு தடம் விடும், சிகரெட் வேறொரு தடம் விடும், இந்த மூலிகை இன்னொன்று விடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. இது கலந்த மருந்துகளை சிங்கப்பூரில் விற்கவும் தடை இருக்கிறது.

எத்தனை நாள், எவ்வளவு சாப்பிட்டார் என்பதை அக்காவின் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டமாட்டார். ஓலாபரிப்பின் அளவைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆகவே மாத்திரை தொடங்குவதற்கு முன் அவருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்வி. நல்ல கேள்வி. கீமோ அறையில் உட்கார்ந்திருக்கும் பலர் மனத்தில் இது இருக்கும், கேட்கத்தான் தயங்குவார்கள்.

டிஎன்ஏ சேதம் என்பது எப்போதோ நடக்கும் விபத்து என்று நினைக்கிறோம். உண்மையில், உங்கள் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரே நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சேதங்கள் நடக்கின்றன. வெயிலும் புகையும் இல்லாவிட்டாலும் நடக்கும். உடலில் இருக்கும் நீரும் நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனுமே அதற்குப் போதும். அப்படியும் நாம் நன்றாக இருப்பதற்குக் காரணம், உயிரணுவுக்குள் பழுதுபார்க்கும் ஏற்பாடுகள் இரவு பகலாக வேலை செய்வதுதான். அவை எப்படி வேலை செய்கின்றன என்று கண்டறிந்த தாமஸ் லிண்டால், பால் மாட்ரிக், அசிஸ் சன்சார் மூவருக்கும் 2015இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

டிஎன்ஏவுக்கு இரண்டு இழைகள். ஓர் இழை மட்டும் அறுந்தால் பார்ப் என்ற புரதம் ஓடிவந்து சரிசெய்ய உதவும். இரண்டு இழைகளும் சேர்ந்து அறுந்துபோனால் அது பெரிய பழுது. அதைப் பிசகில்லாமல் ஒட்டுவதற்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகியவை வேண்டும். அவை இல்லாவிட்டால் உயிரணு அறுந்த முனைகளை எப்படியோ பிடித்து ஒட்டும். எழுத்துகள் விட்டுப்போகும், ஒட்டக்கூடாத துண்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

பிஆர்சிஏ1 நம் எல்லோருக்கும் இரண்டு பிரதிகள் இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. உங்கள் அக்கா பிறக்கும்போதே ஒரு பிரதி பழுது. மற்றொன்று நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒற்றை ஆளாக வேலையைப் பார்த்துவந்தது. மார்பகத்தில் ஏதோ ஓர் உயிரணுவில் அந்த நல்ல பிரதியும் போய்விட்டது. அந்த ஓர் உயிரணுவில் பிழைமேல் பிழை சேர்ந்து, கட்டியாக வளர்ந்தது. கவனியுங்கள்: கட்டியின் உயிரணுக்களில்தான் இரண்டு பிரதிகளும் இல்லை. அக்காவின் மற்ற உயிரணுக்களில் நல்ல பிரதி ஒன்று இருக்கிறது, அவற்றால் பெரிய பழுதையும் சரிசெய்ய முடியும்.

சிகிச்சை முழுக்க இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. உங்கள் புளோக்கில் இரண்டு மின்தூக்கிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நின்றாலும் இன்னொன்றில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவீர்கள். பக்கத்துப் புளோக்கில் ஒன்று ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது. அன்றைக்கு இரண்டு புளோக்கிலும் ஆளுக்கொரு மின்தூக்கியை நிறுத்தினால், பக்கத்துப் புளோக்குக்காரர்கள் மட்டும்தான் மாட்டிக்கொள்வார்கள். ஓலாபரிப் செய்வது இதைத்தான். அது பார்ப் என்ற வழியை அடைக்கிறது. அடைத்ததால் சின்ன அறுபடல்கள் சரியாகாமல், உயிரணு இரட்டிக்கும் நேரத்தில் பெரிய அறுபடல்களாக மாறுகின்றன. நல்ல உயிரணுக்கள் பிஆர்சிஏ வழியில் சமாளித்துக்கொள்கின்றன. புற்றணுவுக்கு அந்த வழி எப்போதோ போய்விட்டது, அதனால் அது மடிகிறது. எந்தக் குறையால் அது புற்றாக ஆனதோ, அந்தக் குறையே அதன் பலவீனம்.

இதை 2005இல் பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஆய்வகத்தில் காட்டின. 2014 டிசம்பரில் ஓலாபரிப் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அப்புறம் 2021இல், உங்கள் அக்காவைப் போலப் பிறவியிலேயே பிஆர்சிஏ கோளாறும், நோய் திரும்பும் அபாயமும் உள்ள 1,836 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஓராண்டு மாத்திரை சாப்பிட்டவர்களில் 85.9 விழுக்காட்டினர் மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 77.1 விழுக்காடு. நூறு பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குக் கூடுதல் பலன். என்னைக் கேட்டால் இது பெரிய பலன். உங்கள் அக்கா தயங்காமல் தொடங்கலாம்.

கீமோவும் கதிர்வீச்சும் டிஎன்ஏவை அடிப்பது உண்மைதான். அடி விழுந்ததும் நல்ல உயிரணு பெருகுவதை நிறுத்திவிட்டுப் பழுதுபார்க்கும். அப்படி நிற்கச் சொல்லும் புரதம் பி53. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டேவிட் லேன் பல ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்து ஆய்வு நடத்தியவர். புற்றணுக்களில் ஏறக்குறைய பாதிக்கு பி53 கெட்டுப்போயிருக்கும். அவை நிற்காமல் ஓடி, சேதத்தோடு இரட்டித்துச் சாகும். முடி வேர், குடல், எலும்பு மஜ்ஜை போல வேகமாகப் பெருகும் நல்ல இடங்களும் அடிபடும். அக்காவுக்கு முடி கொட்டியது அதனால்தான். ஆனால் அவை மீண்டுவிடும்.

உங்கள் பயத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. இந்த மருந்துகள் மிகச் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரலாம். அதனால்தான் மாத்திரை சாப்பிடும் காலத்தில் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். களைப்பு, குமட்டல், ரத்தசோகை ஆகியவை சாதாரணமாக வருபவை. சமாளிக்க வழிகள் இருக்கின்றன, அக்காவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இனி உங்களைப் பற்றி. மரபணுப் பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. கட்டியில் எடுப்பது கட்டியின் கதையைச் சொல்லும். அங்கே இருக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை பிறகு வந்தவை, குடும்பத்துக்குச் சம்பந்தம் இல்லாதவை. ரத்தத்தில் எடுப்பது பிறவியில் வந்ததைச் சொல்லும். அக்காவுக்கு ரத்தத்தில் தெரிந்திருப்பதால் அது உங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உங்களுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அத்தையின் கதையைப் பார்த்தால் அது அப்பா வழியாகத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மார்பகம், சினைப்பை என்றதும் அம்மா வழியை மட்டும் விசாரிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த மரபணுக் கோளாறு ஆண்களிடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு மகள்களுக்குப் போகும். அப்பா நன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உங்களுக்கு இருப்பதாகத் தெரிந்தால் என்ன? 2017இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, பிஆர்சிஏ1 கோளாறு உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 விழுக்காடு, சினைப்பைப் புற்றுநோய்க்கு 44 விழுக்காடு. மார்பகத்தை ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, மேமோகிராம் இரண்டிலும் பார்க்கலாம், வந்தாலும் சிறியதாக இருக்கும்போதே பிடிக்கலாம். மார்பகத்தையே எடுத்துவிடுவதும் ஒரு வழி. அது முழுக்க உங்கள் விருப்பம், அவசரப்பட வேண்டியதில்லை. சினைப்பை விஷயத்தில் எனக்கு அந்த நிதானம் இல்லை. ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ அதை ஆரம்பத்தில் நம்பகமாகக் காட்டுவதில்லை. அதனால் பிஆர்சிஏ1 கோளாறு உள்ளவர்களுக்கு, பிள்ளை பெற்று முடித்த பின், 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடப் பரிந்துரைக்கிறோம். உங்களுக்கு 41 ஆகிவிட்டது. “அடுத்த வருடம் பார்க்கலாம்” என்று தள்ளாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

உங்களுக்கு இல்லை என்று வந்தால், உங்கள் அபாயம் ஏறக்குறைய மற்ற பெண்களுடையது போன்றதே. 40களில் ஆண்டுக்கு ஒரு மேமோகிராம், 50க்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒன்று, அவ்வளவுதான். உங்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் போக வழியில்லை.

அக்காவின் அறிக்கையின் நகலை மறக்காமல் கொண்டுபோங்கள். ஏன் என்றால், உலகத்தின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவருடையது. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிங்கப்பூரர்கள் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். அவர்களில் 1,127 பேர் இந்தியர்கள். கிடைத்த மாற்றங்களில் பாதிக்கும் மேல் அதற்கு முன் பதிவாகாதவை. அதனால் நம்மவர்கள் அறிக்கையில் ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று வந்து குழப்புவது அதிகம். உங்களுக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். அக்காவிடம் கண்ட அந்த ஒரே எழுத்துப் பிழை உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் தேடினால் போதும், இருக்கிறது அல்லது இல்லை என்று பதில் வரும்.

பிள்ளைகளுக்கு இப்போது எதுவும் வேண்டாம். மகனுக்கு 15 வயது, அவன் வளர்ந்தபின் அவனே முடிவெடுக்கட்டும். மகளுக்கும் 25 வயதுவரை கண்காணிப்பு எதுவும் மாறப்போவதில்லை. உங்களுக்கு இல்லை என்று வந்துவிட்டால் இந்தப் பேச்சே முடிந்தது.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. பெண்ணைப் பெற்ற வீட்டில் அந்தப் பயம் இல்லாமல் இருக்காது. ஆனால் பரிசோதனை செய்யாவிட்டாலும் மரபணுக் கோளாறு இருக்கும் இடத்தில்தான் இருக்கும். உங்கள் முடிவு உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும், ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் அம்மாவையும் மரபணு ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். நான் சொல்வதைவிட, எதிரே உட்கார்ந்து அவர் கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும் ஒருவர் சொன்னால் மனம் இளகும். காப்புறுதி பற்றியும் யோசிப்பீர்கள். 2021 அக்டோபர் முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ள ஏற்பாட்டின்படி, காப்புறுதி நிறுவனங்கள் மரபணுப் பரிசோதனை செய்து வா என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஏற்கெனவே செய்த பரிசோதனையின் முடிவைப் பெரிய தொகைக்கான பாலிசிகளுக்குக் கேட்க மட்டும் விதிவிலக்குகள் உண்டு, அதை ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்திலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் புற்றுநோய் மரபியல் பிரிவுகள் இருக்கின்றன. அக்காவின் மருத்துவரே கடிதம் கொடுப்பார், இல்லாவிட்டால் பாலிக்ளினிக்கில் கேளுங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள். அவருக்கு இருந்தால் புராஸ்டேட்டைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

இறந்துபோன அத்தைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அக்காவுக்கு அடுத்து எனக்கு அவர்களைப் பற்றித்தான் கவலை. தங்கள் அம்மாவுக்கு ஏன் அந்த நோய் வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. உறவினர்களுக்குக் காட்டுவதற்கென்றே ஆலோசகர் ஒரு கடிதம் எழுதித் தருவார். தீபாவளிக்குப் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்காமல், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இந்த வாரமே அவர்களுக்குப் போன் செய்யுங்கள்.