சைக்கிள் செயின், கியர் சுத்தம்: கேள்வி பதில்

கேள்வி: சார், வாராவாரம் தவறாமல் செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். அப்படியும் கன்னங்கரேலென்று பசை பிடிக்கிறது. என்ன எண்ணெய் விடலாம்?

பதில்: எண்ணெயில் குறையில்லை, விடுகிற முறையில்தான். செயினில் உராய்வது வெளித்தகடு அல்ல. உருளைக்கு உள்ளே இருக்கும் சின்ன ஆணி ('பின்') சுழலும் இடம். அங்கே போகாமல் வெளியே நிற்கும் எண்ணெய் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கருப்புப் பசையில் மணல் இருக்கிறது, அது உப்புத்தாள் போல இரும்பை அரைக்கும். ஒவ்வொரு உருளை மீதும் ஒரே ஒரு சொட்டு போதும். கியர் சைக்கிள் செயினில் பெரும்பாலும் 110 முதல் 116 கண்ணி இருக்கும், எல்லாம் சேர்த்துச் சுமார் 5 மில்லிதான் ஆகும். பெடலைப் பின்னோக்கி ஒரு நிமிடம் சுற்றிவிட்டு, கால் மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கம் உலர்ந்தது போல ஆகும்வரை துடையுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தத் துடைப்பைத்தான். அடுத்த எண்ணெய் 200, 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு, அல்லது மழையில் நனைந்த அன்று.

கேள்வி: முழுசா சுத்தம் பண்ண செயினைக் கழற்றியே ஆகணுமா அண்ணா?

பதில்: செயினில் குயிக் லிங்க் (எளிதில் கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்புக் கண்ணி) இருந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் வேண்டாம். பின்னைத் தள்ளித் தள்ளிப் பூட்டினால் அந்தக் கண்ணி பலவீனமாகி, ஒருநாள் மேடேறும்போது அறுந்துவிடும்.

கழற்றும் முன், பின்பக்க டிரெய்லருக்குள் (கியர் மாற்றும் அமைப்பு) செயின் எப்படி வளைந்து போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றினால் செயின் தளரும். குயிக் லிங்கின் இரண்டு பின்களையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கினால் திறக்கும். அதற்கான கொறடு இல்லையா? பழைய ஷூ கயிற்றை இரு பின்களுக்கும் வெளியே சுற்றி, குறுக்காக இழுத்தாலும் திறந்துகொள்ளும்.

வாய் அகலமான பிளாஸ்டிக் பாட்டிலில் செயினைப் போட்டு, அது மூழ்க 150 மில்லி மண்ணெண்ணெய் ஊற்றி, மூடி 2 நிமிடம் குலுக்குங்கள். அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிக் குலுக்குங்கள். மூன்றாவது முறை திரவம் ஓரளவு தெளிவாக வரும். பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுநீரும் கொண்டு அலசி, துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போது எண்ணெய் விட்டால் உள்ளே போகாது, துருவும் பிடிக்கும். பூட்டும்போது குயிக் லிங்க் மேல்பக்கம் வரட்டும். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். 11, 12 ஸ்பீடு லிங்க்குகளில் பல ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டியவை, உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். ஒருநாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்தது அடுத்த தடவைக்கு ஆகும்.

கேள்வி: மண்ணெண்ணெய் எங்கேயும் கிடைக்கவில்லை. பெட்ரோல், தின்னர் ஆகுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பெட்ரோல் ஆவி ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். தின்னர் ஃபிரேம் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். பெயின்ட் கடையில் டர்பன்டைன் கேளுங்கள், மண்ணெண்ணெய் செய்கிற வேலையைச் செய்யும். டீசல் அழுக்கை எடுக்கும், ஆனால் மேலே எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். சோப்பு போட்டு இரண்டு முறை கழுவ வேண்டி வரும். எதுவானாலும் அடுப்பிலிருந்து தள்ளி, மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: பின்சக்கரப் பல்லுக்கு நடுவே அடைத்திருப்பதை எப்படி எடுப்பது? சக்கரத்தோடு ஊற வைக்கலாமா?

பதில்: ஊற வைத்தால் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் கிரீஸ் கரைந்து வெளியே வந்துவிடும், அப்புறம் கரகரவென்று சத்தம்தான். சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்து வைத்து, பழைய டூத்பிரஷ்ஷைத் திரவத்தில் தொட்டுத் தேயுங்கள். ஹப் பக்கம் வழியக்கூடாது. பிறகு ஒரு துணிப்பட்டையை இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நுழைத்து இழுத்து இழுத்து விடுங்கள். டிரெய்லரில் இருக்கும் இரண்டு சின்ன ஜாக்கி வீல்களை மறக்காதீர்கள். அழுக்கு அதிகம் சேர்வது அங்கேதான். பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக வைத்தால் பட்டை பட்டையாக உரியும். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து அழுத்தத் தண்ணீர் அடிப்பது பேரிங்குகளுக்கு ஆகாது.

கேள்வி: தேங்காய் எண்ணெய்? பைக் இன்ஜின் ஆயில்?

பதில்: தேங்காய் எண்ணெய் சில நாளில் பிசுபிசுக்கும், குளிரில் உறைந்தும் போகும். இன்ஜின் ஆயில் கெட்டி. உள்ளே இறங்க நேரமாகும், வெளியே புழுதி சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு நல்லது, சீக்கிரம் காய்ந்துவிடும். டபிள்யூடி-40இன் சாதாரண நீல டப்பா ஈரத்தை விரட்டவும் துரு இளக்கவும்தான். அதை மட்டும் அடித்துவிட்டு ஓட்டினால் செயின் சீக்கிரமே கீச்சிடும். சைக்கிள் செயின் எண்ணெய் 100 மில்லி வாங்கினால் நீண்ட நாள் வரும்.

கேள்வி: கழுவிப் பூட்டியதிலிருந்து பின்பக்கம் உரசுகிற சத்தம். கியரை எவ்வளவு திருகியும் சரியாகவில்லை.

பதில்: திருகுவதை நிறுத்துங்கள். டிரெய்லர் கூண்டில், இரண்டு ஜாக்கி வீல்களுக்கு நடுவே ஒரு சின்னத் தகட்டு நாக்கு இருக்கும். செயின் அதன் தவறான பக்கமாகப் போயிருக்கும், அதனால்தான் படம் எடுக்கச் சொன்னது. அது சரியாக இருந்தால், பின்சக்கர அச்சு ஃபிரேமில் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: டிஸ்க் பிரேக் இப்போது அலறுகிறது, பிடிக்கவும் இல்லை.

பதில்: எண்ணெய் தெறித்திருக்கிறது. டிஸ்க்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பேடில் ஊறியிருந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். இனி எண்ணெயை ஸ்பிரே அடிக்காமல் சொட்டாக விடுங்கள்.

கேள்வி: புதுச் செயின் போட்டும் ஏற்றத்தில் மிதித்தால் நழுவுகிறதே?

பதில்: பழைய செயின் நீண்டு, பின் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்திருக்கும். புதிய செயினில் 24 கண்ணியின் நீளம், ஆணி நடுவிலிருந்து ஆணி நடுவுக்குச் சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் கூடினாலே செயினை மாற்றிவிட்டால் பல்சக்கரம் தப்பும். 1/8 கூடும்வரை ஓட்டியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு சுத்தம் செய்தாலும் நீண்ட செயின் சுருங்காது.

கேள்வி: துருப் பிடித்த செயினை வினிகரில் ஊற வைக்கச் சொல்கிறார்கள்...

பதில்: வேண்டாம். கடினப்படுத்திய எஃகை அமிலம் நொறுங்கும்படி ஆக்கலாம். மேலோட்டமான துரு என்றால் எண்ணெய் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். கண்ணிகள் மடங்காமல் இறுகி நின்றால் புதுச் செயின் வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள், கியர் கிடையாது. இதற்கும் இதே முறைதானா?

பதில்: இன்னும் சுலபம். செயின் லாக்கின் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணி) கிளிப்பைக் கழற்றினால் போதும். திரும்ப மாட்டும்போது, செயினின் மேல் ஓட்டத்தில் கிளிப்பின் மூடிய முனை முன்சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். பின்சக்கரத்தை இறுக்கும் முன், செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும்.