ஸ்கேனில் ஜவ்வு விலகல் என்றால் உடனே ஆபரேஷனா?

கேள்வி: வயது 38. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். ஐந்து வாரமாக இடுப்பு வலி. இரண்டாவது வாரத்திலிருந்து அது இடது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்புறம் வழியாகப் பெருவிரல் வரை கரண்ட் அடித்தது போல ஓடுகிறது. எம்ஆர்ஐ எடுத்தோம். எல்4-எல்5 ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது, ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும் என்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் அறிமுகமான ஒருவர்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மனைவியின் கம்பெனி இன்சூரன்ஸிலேயே எல்லாம் வந்துவிடும் என்று சொல்லி 10,000 ரூபாய் அட்வான்ஸும் கட்ட வைத்துவிட்டார். மச்சான் கேரளாவுக்குப் போய் எண்ணெய் வைத்தியம் செய்துகொள் என்கிறார். எனக்கு ஆபரேஷன் தேவையா டாக்டர்? ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் ரிப்போர்ட்டின் நாலாவது வரியைப் பாருங்கள். 'எல்4-எல்5, ரைட் பாராசென்ட்ரல் டிஸ்க் புரொட்ரூஷன்' என்று இருக்கிறது. இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு நடுவிலிருந்து சற்று வலப்பக்கமாகத் துருத்தியிருக்கிறது என்று பொருள். ரைட் என்றால் வலது. உங்களுக்கு வலிப்பது இடது கால். ஆபரேஷன் தேதி குறித்து அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது, இந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் படிக்கவில்லை.

டைப் அடித்தவர் கை தவறி இடதை வலது ஆக்கியிருக்கலாம். ஒரு நாளில் நாற்பது ரிப்போர்ட் போகும் இடத்தில் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவதும் நடக்கும். அதனால்தான் ரிப்போர்ட்டை நம்பாமல் ஃபிலிமைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்கும் முன்னால் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம். அந்த ஆஸ்பத்திரியில் உங்களைப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்தார்களா? பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, எதிர்ப்பக்கம் அழுத்தினார்களா? நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இன்சூரன்ஸிலேயே எல்லாம் வந்துவிடும் என்று சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

சரி, ஜவ்வு என்பது என்ன? பூரணக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே அப்படி ஒன்று இருக்கிறது. வெளியே கெட்டியான தோல், உள்ளே கொழகொழவென்ற பூரணம். வயது ஏற ஏற அது கொஞ்சம் வற்றி, தட்டையாகி, ஓரம் பிதுங்கும். ரிப்போர்ட்டில் பல்ஜ் என்று எழுதுவது இதைத்தான். தோல் வலுவிழந்து பூரணம் ஒரு பக்கமாகத் துருத்தினாலோ, தோல் கிழிந்து வெளியே வந்தாலோ அது விலகல். அப்போது பக்கத்தில் போகும் நரம்பு வீங்கி, காலில் சுளீர் என்று இழுக்கும்.

பல்ஜ் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றி வந்த 33 ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு முப்பது பேருக்கு பல்ஜ் இருந்தது. நாற்பது வயதில் சரிபாதி. எண்பதில் நூற்றுக்கு எண்பத்து நாலு. உங்கள் வயதில் யாரை ஸ்கேன் மெஷினுக்குள் அனுப்பினாலும் ஏதாவது ஒன்று வரும். உங்கள் கம்பெனி வாட்ச்மேனுக்கும் வரும், எனக்கும் வரும். தலை நரைத்திருக்கிறது என்று யாராவது ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பார்களா? முதுகுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கிறோம்.

உங்கள் வலி ஓடும் பாதை எல்4-எல்5 ஜவ்வு தொந்தரவு செய்யும் நரம்போடு பொருந்துகிறது. பக்கம்தான் பொருந்தவில்லை. ஃபிலிமில் விலகல் இடது பக்கம்தான் என்று தெரிந்தால் உங்களுக்கு இருப்பது சயாட்டிகா, அதாவது ஜவ்வு அழுத்தும் கால் நரம்பு வலி. அப்போதும் ஒரு வாரக் கெடு என்பது கிடையாது. வெளியே வந்த பூரணத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், பெரிதாகக் கிழிந்து வெளியே வந்ததுதான் அதிகம் கரைகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கால் வலி நன்றாகக் குறைந்துவிடும். நீங்கள் ஐந்தாவது வாரத்தில் இருக்கிறீர்கள்.

நெதர்லாந்தில், கடுமையான கால் வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரம் நீடித்த 283 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறு பிரிவுக்கு மாத்திரையும் உடற்பயிற்சியும். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகப் போனது, அதை மறுக்க முடியாது. மறு பிரிவில் நூற்றுக்கு 39 பேர் தாங்க முடியாமல் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறியிருந்தார்கள். சீக்கிரம் வலி போக வேண்டும் என்பவருக்கு ஆபரேஷன் ஒரு வழி. அதைச் செய்யாவிட்டால் கால் விழும் என்பது வியாபாரம்.

கால் விழுவது என்றால் என்ன என்றும் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு நழுவும், நடக்கும்போது தரையில் பாதம் தட்டும். இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் பத்து அடி நடங்கள். அப்புறம் நுனிக்காலில் பத்து அடி. இரண்டு பெருவிரலையும் மேலே தூக்கிக்கொண்டு மனைவியைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பலம் இருந்தால் நிம்மதியாக இருங்கள், வாரம் இரண்டு முறை திரும்பப் பாருங்கள். இடது பக்கம் பலம் குறைந்திருந்தால் இந்த வாரமே முதுகெலும்பு அறுவை நிபுணரைப் பாருங்கள். அப்போது ஆறு வாரக் கணக்கெல்லாம் செல்லாது.

அவசரம் என்றால் உண்மையில் ஒன்றே ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெட்கத்தினால் யாரும் வாய் திறப்பதில்லை. சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படுகிற இடம் இருக்கிறதே, ஆசனவாய், பிறப்புறுப்பு, தொடையின் உட்பக்கம், அங்கே மரத்துப் போவது. கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியாது. மூத்திரம் நிரம்பியும் வராது, அல்லது தானாகச் சொட்டும். மலம் அடக்க முடியாது. சில பேருக்கு வலி இரண்டு கால்களிலும் இறங்கும். முதுகுத்தண்டின் அடியில் குதிரை வால் போலத் தொங்கும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கினால் இப்படி ஆகும். அரிது. ஆனால் வந்தால் அன்றைக்கே, ராத்திரி இரண்டு மணியானாலும், எம்ஆர்ஐ வசதியும் முதுகெலும்பு அறுவை வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கணக்கு மணி நேரத்தில்தான், நாளில் இல்லை.

நாற்பத்து மூன்று வயது அம்மா ஒருவர் என்னிடம் நாலாவது நாள் வந்தார். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர். முதல் நாள் மூத்திரம் வரவில்லை. சூடு பிடித்திருக்கிறது என்று இளநீரும் பார்லி தண்ணீரும் குடித்திருக்கிறார். நிரம்பிக் கிடக்கும் பைக்குள் மேலும் தண்ணீர். இரண்டாம் நாள் பக்கத்து கிளினிக்கில் ட்யூப் போட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டு, நீர்க்கடுப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடியில் மரத்துப் போயிருந்ததை அவர் மருமகளிடம்கூடச் சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. நாங்கள் அன்றிரவே ஆபரேஷன் செய்தோம். கால் வலி போனது. மூத்திரத்துக்கு இன்றும் ஒரு நாளைக்கு நாலு முறை தானே ட்யூப் போட்டுக்கொள்கிறார். அதனால் கேட்கிறேன், கூச்சப்படாமல் பாருங்கள்: கழுவும்போது உணர்வு இருக்கிறதா? மூத்திரம் வழக்கம் போலப் போகிறதா? இதற்கு ஆம் என்று பதில் வந்தால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

(சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தது, இவை உள்ளவர்களின் கதை வேறு. அவர்கள் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.)

அடுத்து உங்களை அழைத்துப்போன மனிதருக்கு வருகிறேன். கோஆர்டினேட்டர் என்று விசிட்டிங் கார்டு கொடுத்திருப்பார். ஸ்கேன் எடுக்க அனுப்பியவருக்கு ஒரு கட், ஸ்கேனிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டவருக்கு இன்னொரு கட். இது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. டாக்டர்கள் நோயாளியை அனுப்புவதற்காகக் கமிஷன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளில் 6.4 என்று எண் போட்டே எழுதியிருக்கிறது. எழுதி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது, கார்டோடு ஆள் வாசலில் நிற்கிறார்.

இன்சூரன்ஸும் தன் பங்குக்கு உங்களை ஆபரேஷன் மேஜைக்குத் தள்ளுகிறது. பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரம் அட்மிட் ஆனால்தான் பணம் கொடுக்கும். வாரம் மூன்று நாள் பிசியோவுக்குப் போய் ஆறு வாரத்தில் தேறினால் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்து. முதுகைத் திறந்தால் லட்சக்கணக்கில் பில்லை அவர்களே கட்டுவார்கள். எந்த மேதை இதை யோசித்து வைத்தாரோ, வருடா வருடம் பிரீமியத்தை மட்டும் ஏற்றுகிறார்கள்.

ஆபரேஷன் பேக்கேஜில் ஸ்க்ரூ, ராட் என்று ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் ஜவ்வு விலகலுக்கு முதல்முறை செய்யும் ஆபரேஷனில் பொதுவாக அவை வேண்டியதில்லை. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வெட்டி, நரம்பை அழுத்தும் துண்டை எடுத்தால் முடிந்தது. எதற்காக ஸ்க்ரூ என்று கேட்டு, தெளிவான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, இந்த ஆபரேஷன் கால் வலிக்கானது. இடுப்பு வலி போகும் என்று நம்பிச் செய்துகொள்பவர்கள்தான் பிறகு ஏமாந்துவிட்டோம் என்கிறார்கள்.

மச்சானிடம் கோபம் வேண்டாம். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும், அதில் தப்பில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, சொடக்கு எடுப்பது, காலை முறுக்கி இழுப்பது மட்டும் கூடாது. பெயரில்லாத பொடியோ உருண்டையோ கொடுத்தால் வாங்காதீர்கள். மூன்றே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் நான் சந்தேகப்படுவேன். பத்து நாள் அட்மிட் ஆகி, காலில் எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனும் வேண்டாம், அதனால் பலன் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். படுத்தே கிடக்காதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும், அப்புறம் பத்து பத்து நிமிடமாக நடங்கள். வலி மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில், எழுதிக் கொடுத்த நாளுக்கு மட்டும் சாப்பிடுங்கள். கடையில் நீங்களே வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிறும் கிட்னியும் கெடும். பெல்ட்டை வெளியே போகும்போது கட்டுங்கள், தூங்கும்போது எதற்கு? கட்டிங் டேபிளில் குனிந்து நிற்பவர் நீங்கள். காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகையைப் போட்டு, கால் மாற்றி மாற்றி ஒரு பாதத்தை அதன்மேல் வைத்து நில்லுங்கள். துணி ரோலைத் தூக்கும் வேலையை இரண்டு மாதத்துக்கு ஹெல்ப்பரிடம் விடுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள், வீடியோ பார்த்து வேண்டாம்.

இரண்டாவது கருத்து வாங்கத் தனியாகப் போங்கள், கோஆர்டினேட்டர் கூட வரக் கூடாது. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ காலையில் எலும்பு முறிவு ஓபிக்குச் சீட்டு போடுங்கள். கூட்டம் இருக்கும், நிற்க வேண்டும். ஆனால் உங்களை அங்கே அழைத்து வந்ததற்கு யாருக்கும் கட் வராது. ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல் ஃபிலிமையோ சிடியையோ எடுத்துப் போங்கள். அது ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டிருந்தால் எழுதிக் கேளுங்கள். உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 2002 விதிதான். புது டாக்டரிடம் முதலில் எந்தக் கால், எந்த விரல் என்று சொல்லுங்கள். மற்ற இடத்தில் ஆபரேஷன் சொன்னதைக் கடைசியில் சொன்னால் போதும்.

அட்வான்ஸுக்கு ரசீது வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆபரேஷன் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கேஷ்லெஸ் அனுமதி வந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்பார்கள். மாற்றலாம். அது பணம் கொடுக்கச் சம்மதிக்கும் கடிதம், உங்களைப் படுக்க வைக்கும் கட்டளை இல்லை. கம்பெனிக்கு நீங்களே போன் செய்து ரத்து செய்யச் சொல்லுங்கள். பத்தாயிரம் திரும்பி வர இழுத்தடிப்பார்கள், சில சமயம் வராமலே போகும். பணம் போகிறதே என்பதற்காக மேஜையில் ஏறிப் படுத்துவிடாதீர்கள்.