லைன் கிடைக்காத நேயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நீங்கள் முன்பு வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்ததாக உங்கள் கட்டுரை ஒன்றில் வாசித்தேன். அதனால் உங்களிடம் கேட்கிறேன். நம்ம பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் வாராவாரம் வரும் நேயர் பேச்சு நிகழ்ச்சிக்கு இரண்டு வருஷமாகப் போன் போடுகிறேன். ஒரு தடவைகூட லைன் கிடைக்கவில்லை. ஆனால் அதே நாலு பேர் விடாமல் பேசுகிறார்கள். அவர்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறதா? பேசுவது அப்படியே ஒலிபரப்பாகிறதா, வெட்டிப் போடுகிறார்களா? ரோடு, தண்ணீர் என்று எவ்வளவும் பேசலாம், கட்சி பெயர் வந்தால் மட்டும் ஏன் சட்டென்று பாட்டுக்குப் போய்விடுகிறார்கள்? தனியார் எஃப்எம்களில் நாள் பூராவும் பேசுகிறார்கள், ஊர்ச் செய்தி ஒன்றும் வருவதில்லையே, ஏன்? கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டில் எஃப்எம் விட்டுவிட்டுக் கேட்கிறது, மீடியம் வேவ் ராத்திரியானால் ஒரே இரைச்சல். என்ன செய்யலாம்?

களக்காட்டிலிருந்து ஒரு நேயர் (பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உள்ளே ஆளெல்லாம் கிடையாது. அந்த நாலு பேருக்கும் நேரம் தெரியும், அவ்வளவுதான். அறிவிப்பாளர் நம்பரைச் சொன்ன பிறகு நீங்கள் போனை எடுப்பீர்கள். அவர்கள் நிகழ்ச்சி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ரீடயலில் விரலை வைத்துவிடுவார்கள். சின்ன ஸ்டேஷனில் நிகழ்ச்சிக்கென்று இருப்பது ஒரு லைன், மிஞ்சினால் இரண்டு. முந்தியவருக்கு மணி அடிக்கும், மற்ற எல்லோருக்கும் எங்கேஜ்டுதான்.

கணக்கையும் பாருங்கள். அரைமணி நேர நிகழ்ச்சி. தொடக்க இசை, முன்னுரை, நடுவில் இரண்டு பாட்டு, முடிவுரை எல்லாம் போனால் பேச்சுக்குக் கிடைப்பது பதினெட்டு நிமிடம். ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தாலும் ஆறு பேர். ஆறில் நாலு இடத்தை அவர்கள் பிடித்துவிட்டால் மீதி இரண்டு இடத்துக்குத்தான் மாவட்டமே மோதுகிறது.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவருக்கு மாதத்தில் ஒரு தடவைதான் என்று விதி வைத்து, நோட்டில் பெயர் எழுதிவந்தோம். அதற்கும் ஒருத்தர் வழி கண்டுபிடித்தார். ஒரு வாரம் தன் பெயர், மறுவாரம் மச்சினன் பெயர், அதற்கடுத்த வாரம் பக்கத்து ஊர். குரலை மாற்றத்தான் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டேதான் விட்டோம். ஏனென்றால் போனே வராத வாரங்களும் உண்டு. பிசான நெல் நடவு மும்முரத்தில், ஊரில் கோயில் கொடைத் திருவிழா நடக்கிற நாட்களில், கிரிக்கெட் இறுதிப் போட்டி அன்று, அறிவிப்பாளர் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். அப்போது மணி அடித்து, “அண்ணாச்சி, நாந்தான்” என்று வருகிறவர் அந்த நாலு பேரில் ஒருத்தர்தான். அவர்களை வைவதும் உண்டு, கையெடுத்துக் கும்பிடுவதும் உண்டு.

நீங்கள் கேட்டதெல்லாம் பேச விரும்புகிறவரின் இடத்திலிருந்து கேட்ட கேள்விகள். நிகழ்ச்சியை நடத்துகிறவன் மனதில் இருப்பவர் வேறு ஆள், எந்நாளும் போன் பண்ணாத நேயர். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மதியத்துக்கு மேல் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் தட்டு, விரலில் இலை, கண்ணும் அதிலேயே. காது மட்டும் சும்மா இருக்கிறது, பக்கத்தில் ரேடியோ ஓடுகிறது. அவர்களுக்குப் போனை எடுத்து நம்பர் அடிக்கக் கை ஒழியாது. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். ஆறு பேர் பேசுவது மற்ற ஆறு பேர் கேட்க என்று நினைத்தால் ஸ்டேஷனை மூடிவிட வேண்டியதுதான். லைனில் இருப்பவர் இழுத்துக்கொண்டே போனால் அந்தத் திண்ணையில் ஒரு கை நீண்டு ரேடியோவைத் திருப்பிவிடும். அதை எங்களிடம் யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள். தனியார் வானொலிகளுக்காக எடுக்கப்பட்ட வாராந்தர நேயர் கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்று நாலு நகரத்தோடு நின்றது. சென்னைக்கே அதில் இடமில்லை, பிறகு திருநெல்வேலியை யார் எண்ணப்போகிறார்கள்?

இனி, வெட்டுகிறார்களா என்ற கேள்வி. பெரும்பாலும் ஆமாம். நேயர் தொலைபேசி நிகழ்ச்சிகளில் பல முன்கூட்டியே பதிவாகின்றன. “இன்ன கிழமை இத்தனை மணிக்குப் பதிவு, அந்த நேரத்தில் அழையுங்கள்” என்று அவர்களே சொல்வார்கள், நாம்தான் காதில் வாங்குவதில்லை. தனியார் எஃப்எம்மில் அது இன்னும் சுருக்கமாக நடக்கிறது. ஒரு பாட்டு ஓடுகிற நாலு நிமிடத்தில் நேயரோடு பேசிப் பதிவு செய்து, இருமலையும் “ஹலோ ஹலோ”வையும் நறுக்கிவிட்டு, பாட்டு முடிந்ததும் நாற்பது விநாடியாக விடுவார்கள். கேட்கிறவருக்கு அது இப்போதுதான் நடப்பதுபோல இருக்கும். இதில் மோசடி ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். ஒருவர் வசவு வார்த்தையை உதிர்த்துவிட்டால் அதற்குப் பொறுப்பு நேயர் இல்லை, ஒலிபரப்பிய நிலையம்தான்.

முழு நேரடி நிகழ்ச்சிகளும் உண்டு, அங்கேதான் அறிவிப்பாளரின் சாமர்த்தியம் தெரியும். ஒரு வாரம் ஊர்க்குளங்களைப் பற்றிப் பேச்சு. நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் லைனில் வந்தார். “நல்லாருக்கீயளா?” என்று தொடங்கி, மடை அடைபட்ட கதையைச் சொல்ல வந்தவர், அந்த மடையைக் காவல் காத்த தாத்தாவிடம் போய்விட்டார். தாத்தா கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆறரைக்குச் சென்னையிலிருந்து மாநிலச் செய்தி அஞ்சல், அதாவது அங்கே வாசிப்பதை அப்படியே வாங்கி ஒலிபரப்புவது, அது யாருக்காகவும் நிற்காது. சுவர்க் கடிகாரத்தில் இருபத்தைந்து விநாடி பாக்கி, முடிவுரைக்குப் பன்னிரண்டு விநாடி வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டூட்டி ஆபீசர் விரலைச் சுழற்றுகிறார். என் பக்கத்தில் இருந்த மூத்த அறிவிப்பாளர் மைக்கருகே குனிந்து, “தாத்தா கதைய அடுத்த வாரம் கேக்கோம் அண்ணாச்சி. மடை இப்பம் தொறந்திருக்கா, அடைச்சிருக்கா?” என்றார். “அடைச்சித்தான் கெடக்கு.” அந்த ‘கெடக்கு’ முடிகிற இடத்தில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் கீழே இறங்கியது. நன்றி, வணக்கம், செய்தி. பெரியவருக்குக் கோபம், மறுநாள் டூட்டி ரூமுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். ஆனால் கேட்டவர்களுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

“ரேடியோ சத்தத்தைக் குறைங்க” என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவதும் இதற்காகத்தான். உங்கள் பக்கத்து ரேடியோவில் வரும் உங்கள் குரலே போன் வழியாகத் திரும்பவும் உள்ளே வந்து, சுற்றிச் சுற்றி ஊளையாகிவிடும். சாதாரணத் தொலைபேசி 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரலைக் கடத்துகிறது. அடிக்குரலின் கனமும் ‘ஸ’, ‘ஃப’ மாதிரி ஒலிகளின் கூர்மையும் வழியிலேயே போய்விடும். ஏற்கெனவே மெலிந்து வருகிற குரலில் எதிரொலியும் கலந்தால் திண்ணையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அடுத்த தடவை லைன் கிடைத்தால் ரேடியோவை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் போனில் போடாமல், பெயர், ஊர், ஒரே ஒரு விஷயம் என்று பேசுங்கள். முதலில் போனை எடுப்பவர் அறிவிப்பாளர் இல்லை, உள்ளே ஒருவர் எடுத்து என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்பார். அவரிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தவருக்கு இடம் கிடைக்கும். “அதெல்லாம் லைன்ல சொல்லுதேன்” என்பவரைக் காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள்.

கட்சி பெயர் விஷயம் வேறு. அகில இந்திய வானொலிக்கு ஒலிபரப்பு நெறிமுறை ஒன்று உண்டு. நட்பு நாடுகளை விமர்சிப்பது, மதங்களையோ சமூகங்களையோ தாக்குவது, அவதூறு, வன்முறையைத் தூண்டுவது, நீதிமன்ற அவமதிப்பு, ஒரு கட்சியைப் பெயர் சொல்லித் தாக்குவது எல்லாம் கூடாது. அரசு நிலையத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், தனியார் எஃப்எம்மும் சமுதாய வானொலியும் இதே நெறிமுறைக்குக் கட்டுப்பட்டே உரிமம் வாங்குகின்றன. இந்தப் பட்டியலில் பாதி எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. கட்சி பெயர் வந்தாலே நிறுத்திவிடுவதை நான் ஏற்கவில்லை. ரோடு போட்ட ஒப்பந்தக்காரர் யார், அவருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதுதான் ரோட்டைப் பற்றிய பேச்சில் பாதி. நம்மூர்க்காரர்கள் இதற்கும் ஈடு கொடுத்துவிட்டார்கள். “அன்னைக்கு வெள்ளையுஞ் சொள்ளையுமா வந்து தேங்கா ஒடச்சாரே, அவருதான்” என்பார்கள். அறிவிப்பாளர் சிரிக்காமல் “நன்றி அண்ணாச்சி” என்பார். கேட்பவர்கள் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும், ஒலிபரப்பில் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் எழுத ஒன்றும் இருக்காது.

தனியார் எஃப்எம்மில் ஊர்ச் செய்தி வராததற்குச் சோம்பல் காரணம் இல்லை, விதிதான். 2011-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி அவர்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்தடை, குடிநீர், இயற்கைப் பேரிடர் பற்றி உள்ளூர் நிர்வாகம் கொடுக்கும் அறிவிப்புகள் செய்தியாகக் கணக்கில் வராது, அவற்றைச் சொல்லலாம். பாபநாசம் அணையில் இவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று ஆட்சியர் அலுவலகம் சொன்னதை வாசிக்கலாம். முன்கூட்டியே ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் அது நடப்புச் செய்தி.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணிக் கரையெங்கும் கரண்டு இல்லை, பல இடங்களில் செல்போனும் செத்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் பேட்டரி போட்ட ரேடியோ கையில் இருப்பவருக்கு எந்த அறிவிப்பைவிடவும் பயன்படுவது, “எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, இந்தப் பக்கம் வராதிய” என்று பக்கத்து ஊர்க்காரர் சொல்லும் ஒரு வரிதான். விதியின்படி அது நேயரின் குரலா, செய்தியா? இந்தச் சந்தேகத்தோடு ஒரு அறிவிப்பாளரை மைக்கின் முன்னால் உட்கார வைத்திருப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. அதே 2023 செப்டம்பரில்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் எஃப்எம்கள் மணிக்குப் பத்து நிமிடம் செய்தி ஒலிபரப்பலாம் என்று பரிந்துரைத்தது. பத்து நிமிடம் தாராளம், நம் பக்கத்துக்கு ஐந்தே போதும்.

சமுதாய வானொலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2006 முதல் கல்லூரிகள் தவிர தொண்டு நிறுவனங்களும் அதை நடத்தலாம். சக்தி மிகக் குறைவு, சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் எட்டும், நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாராக வேண்டும். உங்களைப் போல விடாமல் போன் போடும் ஆட்களுக்கு அங்கே நாற்காலியே போட்டுக் கொடுப்பார்கள்.

இனி உங்கள் வீட்டு ரேடியோ. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். களக்காடு மலையடிவாரம், திருநெல்வேலி உங்களுக்கு வடகிழக்கே. அந்தப் பக்க ஜன்னலுக்கு ரேடியோவைக் கொண்டுபோய் ஏரியலை முழுசாக இழுத்துவிடுங்கள், முடிந்தால் மாடிக்குப் போங்கள். மீடியம் வேவ் தரையை ஒட்டிப் போவதால் பகலில் மலையைப் பற்றி அவ்வளவு கவலைப்படாது. இருட்டியதும் மேலே, மின்னேற்றமுள்ள காற்றடுக்கான அயனி மண்டலத்தின் கீழடுக்கு மறைந்துவிடும். பகலில் அது விழுங்கிவந்த தொலைதூர நிலையங்களின் அலைகள் அப்போது மேலடுக்கில் பட்டுத் திரும்பிவந்து, நம் நிலையத்தின் மேலேயே விழும். அதைத் தடுக்க முடியாது, குறைக்கலாம். மீடியம் வேவுக்கான ஏரியல் வெளியே நீளும் கம்பி இல்லை, பெட்டிக்குள் கிடக்கும் கறுப்பு ஃபெரைட் குச்சி. பெட்டியையே மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தால் ஒரு திசையில் நம் நிலையம் தெளியும். அதற்கும் இரைந்தால் வீட்டில் இருக்கிற எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டரை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சார்ஜராகத்தான் இருக்கும்.