ஜெராக்ஸ் அண்ணாச்சி மேல் கேஸ் வருமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் எம்.ஏ. முதலாண்டு படிக்கிறேன். எங்கள் பேராசிரியர் ஆறு புத்தகங்களிலிருந்து ஆறு கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் மாஸ்டர் காப்பி கொடுத்து வைத்திருந்தார். கேட்கிறவர்களுக்கு அண்ணாச்சி ஸ்பைரல் போட்டுத் தருவார். போன வாரம் நூலகத்தில், 'எந்தப் புத்தகத்திலும் பத்து சதவீதத்துக்கு மேல் நகல் எடுப்பது குற்றம்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அண்ணாச்சி பயந்துபோய் மாஸ்டர் காப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு புத்தகம் நாலாயிரம் ரூபாய். நாங்கள் என்ன செய்ய?

பதில்: முதலில் அண்ணாச்சிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பாடத்துக்காக எடுக்கும் நகலுக்கு இப்படி ஒரு பத்து சதவீதக் கணக்கு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. அது அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. அங்கே ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேல் பதிப்பகங்கள் 2008-இல் போட்ட வழக்கில் கீழ்க்கோர்ட் பத்து சதவீதம் அல்லது ஒரு அத்தியாயம் என்று ஒரு கோடு போட்டது, அப்படியெல்லாம் ஒரே அளவுகோல் வைக்கக்கூடாது என்று 2014-இல் மேல்முறையீட்டில் சொல்லிவிட்டார்கள். பிறந்த ஊரிலேயே செல்லாமல் போன கணக்கை நாம் கம் போட்டு ஒட்டி வைத்திருக்கிறோம்.

நம்முடையது 1957-ஆம் வருடச் சட்டம். அதில் 52-ஆம் பிரிவு, எதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று ஒரு நீளமான பட்டியல் போடுகிறது. பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகல் எடுப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது, இத்தனை பக்கம் என்று எல்லை எதுவும் சொல்லாமல்.

உங்கள் கதையேதான் டெல்லியில் வழக்காக நடந்தது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. பாடத்திட்டப்படி அத்தியாயங்களைச் சேர்த்து அவர்கள் தொகுப்பு போட்டுக் கொடுத்தார்கள் என்று ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-இல் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். தான் படித்த காலத்தில் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்ததை நினைவுகூர்ந்து, கையால் எழுதினால் சரி, மெஷினில் எடுத்தால் தப்பா என்கிற ரீதியில் அவர் எழுதியிருப்பது எனக்குப் பிடித்த இடம். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் கிட்டத்தட்ட அதையே சொன்னது, ஆனால் ஒரு கொக்கி போட்டது: எடுக்கும் அளவு பாடத்தின் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அதை விசாரித்துப் பார்க்கலாம் என்றது. அடுத்த மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டன. நகல் உரிமக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது, 2017 மே மாதம் அங்கேயும் கதவு திறக்கவில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. டெல்லித் தீர்ப்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டிப் பேசலாம், அவ்வளவுதான். அதனால் கொஞ்சம் ஒழுங்காகச் செய்யுங்கள். மாஸ்டர் காப்பியின் மேல் தாளில் எந்தப் பாடம், எந்த செமஸ்டர், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று எழுதிப் பேராசிரியர் கையெழுத்துப் போடட்டும். வகுப்பில் முப்பது பேர் என்றால் முப்பது காப்பி. பக்கத்துக்கு மற்ற ஜெராக்ஸுக்கு வாங்கும் காசையே வாங்கட்டும். இதே கடையில் நாலாயிரம் ரூபாய்ப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை எடுத்து, அண்ணாச்சியின் கட்டைவிரல் நிழல்கூட ஓரத்தில் விழுந்திருக்க, இருபது காப்பி அடுக்கி வைத்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விற்றால் அது வேறு கதை. 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். அப்போது என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். பழைய வட்டார வரலாற்று நூல் ஒன்று, இராமபாணப் பூச்சி துளைத்து, தொட்டால் உதிர்கிறது. கடையில் எங்கும் கிடைக்கவில்லை. ஸ்கேன் செய்யலாமா?

பதில்: ஆசிரியர் காலமாகி அறுபது வருடம் தாண்டிவிட்டதா என்று முதலில் பாருங்கள். இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். தாண்டியிருந்தால் பேச்சே இல்லை, எடுத்து இணையத்தில்கூடப் போடலாம். தாண்டாவிட்டாலும், லாப நோக்கில்லாத பொது நூலகம், இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலுக்கு மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அச்சுப் பிரதி கையில் இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கவும் 2012 திருத்தம் வழி செய்தது. கல்லூரி நூலகம் 'பொது நூலகம்' ஆகுமா என்று யாராவது வாதாடலாம், அதனால் முதல்வரிடம் எழுத்தில் ஒரு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த பிடிஎஃப்பை மட்டும் தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு என்று ஆரம்பித்தது அன்று சாயங்காலமே கடையநல்லூர் வரை போய்விடும்.

கேள்வி: எங்கள் துறை வெளியிடும் பாடநூலில் புதுமைப்பித்தன் கதை ஒன்றைச் சேர்க்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: யாரிடமும் வேண்டாம். அவர் மறைந்தது 1948-இல், சட்டப்படி 2008 முடிவோடு உரிமைக் காலம் தீர்ந்தது. ஆனால் பிற்காலத்தில் ஒருவர் பாடபேதம், அதாவது பதிப்புக்குப் பதிப்பு மாறும் வரிகளைப் பார்த்துச் சேர்த்த குறிப்புகளையும் முன்னுரையையும் சேர்த்து அள்ளிவிடாதீர்கள், அது அந்தப் பதிப்பாசிரியரின் உழைப்பு.

கேள்வி: பிறர் கவிதையைத் தேர்வு வினாத்தாளில் போட்டால்?

பதில்: போடலாம், அதையும் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பையன்கள் விடைத்தாளில் அதைத் திருப்பி எழுதினாலும் மீறல் ஆகாது. பிழையில்லாமல் எழுதுவார்களா என்பதற்குத்தான் சட்டத்தில் வழியில்லை.