ஏபிஎஸ் லைட் எரிந்தால் யூனிட்டையே மாற்ற வேண்டுமா? – வாசகர் கேள்விகளும் பட்டறை பதில்களும்

கேள்வி: அண்ணே, அப்பச்சி வாங்கிய 2008 மாடல் டீசல் கார். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். வண்டி தேவகோட்டை வீட்டு ஷெட்டில்தான் நிற்கும். கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று ஊருக்கு வரும்போது மட்டும் எடுப்போம். போன தடவை குன்றக்குடி போய்த் திரும்பும்போது ஏபிஎஸ் லைட்டும் சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தன. ஆறவிட்டால் போய்விடுகிறது, அரைமணி ஓட்டினால் மறுபடி வருகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு, பம்ப் மோட்டார் சர்க்யூட்டில் கோளாறு, யூனிட்டையே மாற்ற வேண்டும், 72,000 ஆகும் என்கிறார்கள். ஊர் மெக்கானிக்கோ, "ஃப்யூஸைப் பிடுங்கிப் போடுங்க, பிரேக் எப்பவும்போலப் பிடிக்கும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? – வாசகர், தேவகோட்டை

பதில்: ரெண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் உங்கள் பணமும் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது.

முதலில் ஃப்யூஸ் சங்கதி. ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ். அதற்குக் கரண்ட் போகாவிட்டாலும் பிரேக் பிடிக்கும், அது உண்மை. கரண்ட் இல்லாதபோது மிதிக்கிற அழுத்தம் நேராகச் சக்கரத்துக்குப் போகிற மாதிரிதான் உள்ளே வால்வுகளை அமைத்திருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு மஞ்சள் லைட்டோடு சிவப்பும் சேர்ந்து எரிகிறது. பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்து, ஹேண்ட் பிரேக்கும் இறங்கியிருந்தால், ஏபிஎஸ்ஸோடு இபிடியும் படுத்துவிட்டது என்று அர்த்தம். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரேக்கைப் பங்குபோட்டுக் கொடுப்பது இந்த இபிடிதான். பழைய வண்டிகளில் இதற்கென்று தனியாக ஒரு வால்வு இருக்கும், இபிடி வந்த பிறகு பல மாடல்களில் அதை எடுத்தே விட்டார்கள். அதனால் நீங்கள் அவசரத்துக்கு ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டியின் வால் பக்கம் சுற்றிவிடலாம், மழை பெய்த ரோட்டில் கேட்கவே வேண்டாம். ஏபிஎஸ்ஸே இல்லாமல் வந்த வண்டி வேறு, ஏபிஎஸ்ஸை நம்பிச் செய்த வண்டியில் அதைப் பிடுங்கிப் போடுவது வேறு. சரி செய்யும்வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாக, முன்னால் போகிற வண்டியிலிருந்து நிறைய இடம் விட்டு ஓட்டுங்கள். டிரைவர் ஓட்டினால் அவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த 72,000. ஸ்கேனர் "பம்ப் மோட்டார் சர்க்யூட்" என்று மட்டும்தான் சொன்னது, யூனிட் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. சர்க்யூட் என்றால் பேட்டரி, ஃப்யூஸ், வயர், கனெக்டர், எர்த், மோட்டார், மாட்யூல் (யூனிட்டின் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிற பகுதி) எல்லாம் சேர்ந்ததுதான். சர்வீஸ் சென்டரைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குப் போர்டைப் பிரித்துப் பார்க்கிற வேலை கிடையாது, முழு யூனிட்டாகத்தான் பார்ட்ஸ் வரும். ஆனால் மற்றதையெல்லாம் பார்த்துக் கழித்துவிட்டு மாட்யூலுக்கு வந்தார்களா என்பதுதான் கேள்வி.

மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு முதல் சந்தேகம் பேட்டரி. வோல்டேஜ் இறங்கினாலே ஏபிஎஸ் லைட் எரியும். அடுத்தது எலி. பூட்டிக் கிடக்கிற வீட்டு ஷெட்டில் வயரைக் கடிக்காத எலியை நான் இன்னும் பார்க்கவில்லை. பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்து, யூனிட்டுக்குப் போகிற வயர்க் கட்டை வெளிச்சத்தில் ஒரு தடவை முழுக்கப் பாருங்கள்.

அதன் பிறகு கனெக்டர். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு யூனிட்டின் பெரிய கனெக்டரை எடுங்கள். அதில் மற்றதைவிடத் தடித்த பின்கள் சில இருக்கும், பம்புக்கும் வால்வுகளுக்கும் தனித்தனியாக வரும் பாசிட்டிவும், எர்த்தும். பின்களில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்தது. (உலோகம் அரிப்பதை ஆராய்ச்சி செய்கிற சிக்ரி 1953-லிருந்து நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, நம் வண்டி பின்களுக்கு அந்த மரியாதை தெரியவில்லை.) பூத்திருக்கவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். இங்கேதான் பலரும் மல்டிமீட்டரை வைத்து, 12 வோல்ட் காட்டுகிறது, வயர் நல்லா இருக்கு என்று முடித்துவிடுகிறார்கள். பத்து இழை அறுந்து ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். அதனால் 55 வாட் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து, பேட்டரியை மாட்டிவிட்டு, கனெக்டரின் தடித்த பாசிட்டிவுக்கும் தடித்த எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பாருங்கள். பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் வயரும் எர்த்தும் சரி. மங்கலாக எரிந்தால் மாட்யூல் மேல் பழி போடாதீர்கள், எர்த் வயர் பாடியில் பிடித்திருக்கிற போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள். கனெக்டர் பின்னின் வாய் அகலமாகிவிடாமல் சரியான முனையை வைத்துப் பிடிப்பது முக்கியம், தடித்த ஆணியைத் திணித்துப் புதுப் பழுது உண்டாக்குகிறவர்களும் உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மாட்யூல். நீங்கள் சொல்கிற அடையாளம், அதாவது ஆறினால் சரி, சூடானால் கோளாறு, உள்ளே இணைப்பு ஏதோ விட்டுவிட்டு ஒட்டுவதற்குத்தான் பொருந்துகிறது. போனெட்டுக்குள் என்ஜின் சூடு, ரோட்டின் அதிர்வு, நம்ம ஊர் வெயில் என்று வருஷக்கணக்கில் பட்டால் சால்டர் முடிச்சுகளில் விரிசல் விழும். சில மாடல்களில் சால்டரே இருக்காது. செராமிக் தகட்டின் மேல் மயிரிழை அலுமினியக் கம்பிகளை ஒட்டி, மேலே ஜெல் ஊற்றியிருப்பார்கள், அந்தக் கம்பி அறுந்துபோகும். சால்டர் விரிசல் என்றால் நல்ல கைக்காரர் செய்துவிடலாம். அலுமினியக் கம்பியைச் சாதாரண சால்டரிங் அயர்ன் வைத்து ஒட்ட முடியாது, அதற்குத் தனி மெஷின் வேண்டும். அதனால் வண்டியின் ஈசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்), ஏபிஎஸ் போர்டுகளையே தொழிலாகச் செய்கிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். மதுரை, திருச்சி, கோயம்புத்தூரில் விசாரியுங்கள், கூரியரில் வாங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கொடுக்கும் முன் ரெண்டு கேள்வி கேளுங்கள். இந்த மாடல் போர்டை முன்பே செய்திருக்கிறாரா, மேஜையில் வைத்துச் சூடேற்றி ஓட்டிப் பார்த்துத்தான் தருவாரா? சூட்டில் வருகிற பழுதைக் குளிரில் பார்த்துச் சரி என்று அனுப்பினால் கூரியர் காசும் சேர்ந்து போகும்.

கழற்றுவது எப்படி என்று உங்கள் மெக்கானிக்குக் காட்டுங்கள். பைப்புகள் வந்து சேர்கிற அலுமினியக் கட்டி ஒன்று, அதன் ஒரு பக்கம் மோட்டார், மறு பக்கம் கறுப்புப் பிளாஸ்டிக் மாட்யூல். உங்கள் வயசு வண்டிகளில் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக் பகுதி மட்டும் தனியாக, சின்ன ஸ்டார் பிட் ஸ்க்ரூவில் கழன்று வரும். பைப்பைத் தொடவே வேண்டாம், ஆயில் சிந்தாது, பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுகிற, அதாவது ஏர் எடுக்கிற வேலையும் இல்லை. இடம் போதவில்லை என்று அவசரப்பட்டுப் பைப்பைக் கழற்றிவிட்டால் வேலை மூன்று மடங்காகும். ஸ்க்ரூவை எடுத்ததும் மாட்யூலைக் கோணலாகப் பிடுங்காமல் நேராக இழுக்க வேண்டும். வால்வுத் தண்டுகள் கட்டியிலேயே நிற்கும், அவற்றைச் சுற்றியிருந்த காயில்கள் மாட்யூலோடு வரும். தண்டுகள் மேல் தூசி படாமல் சுத்தமான பிளாஸ்டிக் கவரைப் போட்டுக் கட்டிவிடுங்கள். மாட்யூல் திரும்பி வரும்வரை வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும்.

அங்கே பிரேக் ஆயில் ஈரம் தெரிந்தால் நில்லுங்கள். கட்டியிலிருந்து ஆயில் கசிந்து போர்டுக்குள் இறங்கியிருந்தால் போர்டைச் செய்து பயனில்லை, திரும்பவும் கெடும். அதேபோல மாட்யூல் வெளியே இருக்கும்போதே மோட்டாரையும் சோதித்துவிடுங்கள். அதன் ரெண்டு முனைக்கும் ஃப்யூஸ் போட்ட வயர் வழியாகப் பேட்டரிக் கரண்ட்டை ஓரிரு வினாடி கொடுத்தால் "டர்ர்" என்று ஓட வேண்டும். நாள்கணக்கில் ஓடாத மோட்டாரில் பிரஷ் ஒட்டிக்கொள்வது சகஜம். மோட்டார் திக்கினால் மாட்யூலை மட்டும் அனுப்பி என்ன செய்ய?

போர்டு செய்கிறவர் மூடியை அறுத்துத்தான் உள்ளே போவார். திரும்ப ஒட்டும்போது எந்த சிலிகான் போடுகிறார் என்று கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கிற சாதாரண சிலிகான் காயும்போது விடுகிற அமிலம் செம்பை அரிக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கென்று வாடையில்லாத நியூட்ரல் வகை இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும்.

திரும்ப மாட்டிய பிறகு ஸ்கேனர் வைத்துப் பழுதுக் குறியீட்டை (கோட்) அழித்துவிட்டு, பழுது வந்த அதே அரைமணி ஓட்டமாவது ஓட்டுங்கள். அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதியுங்கள். செம்மண் மணல் படிந்த ரோடாக இருந்தால் இன்னும் நல்லது. காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறினால் ஏபிஎஸ் வேலை செய்கிறது. அந்த உதறலைப் பழுது என்று நினைத்துக் காலை எடுத்துவிடக் கூடாது என்பதையும் வீட்டில் ஓட்டுகிற எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: காயலான் கடையில் அதே கம்பெனி வண்டியின் ஏபிஎஸ் யூனிட் சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கி மாட்டலாமா? – வாசகர், ராயவரம்

பதில்: அதே கம்பெனி என்பது போதாது, அதே பார்ட் நம்பர் வேண்டும், கடைசி எழுத்து வரைக்கும். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, இஎஸ்பி (வண்டி வழுக்கிச் சுற்றாமல் பார்த்துக்கொள்கிற வசதி) உள்ளதற்கு வேறொன்று என்று இருக்கும். நம்பர் ஒத்துப்போனாலும் பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்துக் கோடிங் செய்தால்தான், அதாவது அந்த வண்டிக்கேற்ற விவரத்தை மாட்யூலில் பதித்தால்தான் லைட் அணையும். முழு யூனிட்டாக மாட்டினால் ஏர் எடுக்க வேண்டும், அது பெடலை மிதித்து மிதித்து எடுக்கிற ஏர் இல்லை, வால்வுக்குள் மாட்டிய காற்றை வெளியேற்றப் பல மாடல்களில் ஸ்கேனர் வழியாகப் பம்பை ஓடவிட வேண்டும். என்னைக் கேட்டால், சொந்த மாட்யூலைச் செய்வதுதான் முதல் வழி, கோடிங் அதிலேயே இருக்கும். போர்டு தண்ணீரில் ஊறி ஒன்றுமில்லாமல் போயிருந்தால் மட்டும் காயலான் கடை, அப்போதும் பிளாஸ்டிக் மாட்யூல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டியை உங்களுடையதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் ஆயில் எத்தனை வருஷம் மாற்றாமல் கிடந்ததோ, யார் கண்டது.

கேள்வி: பின் சக்கர பேரிங் மாற்றிய அன்றிலிருந்து ஏபிஎஸ் லைட் அணையவே இல்லை. சென்சார் புதுசு போட்டும் அப்படியே. மாட்யூல் போய்விட்டதா? – வாசகர், கோட்டையூர்

பதில்: பேரிங்கைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். இப்போதைய பேரிங்குகள் பலவற்றில் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும், சக்கர வேகத்தை அறிய சென்சார் படிப்பது அதைத்தான். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்காமல் மறுபக்கம் போய்விட்டால் சிக்னலே வராது. புது பேரிங்கின் ரெண்டு பக்கத்துக்கும் ஒரு குண்டூசியைக் கொண்டுபோனால், லேசாக ஒட்டுகிற பக்கம்தான் சென்சாரைப் பார்க்க வேண்டும். வருத்தமான செய்தி, பிரஸ்ஸில் அடித்து இறக்கிய பேரிங்கை வெளியே எடுத்தால் திரும்பப் போட முடியாது, இன்னொன்று வாங்க வேண்டும். காசை யார் கொடுப்பது என்பதைப் பட்டறையில் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லைட் ஏதும் எரிவதில்லை. ஆனால் வண்டி நிற்கப் போகிற கடைசி நேரத்தில் பெடல் உதறி, கர்ரென்று சத்தம் வருகிறது. – வாசகர், புதுவயல்

பதில்: முன் சக்கரத்து ஆக்சில் ஜாயின்ட்டில் பல்சக்கரம் மாதிரி ஒரு வளையம் இருக்கும், துரு ஏறி அது வெடித்திருக்கும். வெடிப்பு சென்சார் முன்னால் வரும்போதெல்லாம் சக்கரம் பூட்டிக்கொண்டதாக மாட்யூல் நினைத்து பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. சக்கரத்தைக் கழற்றி, சுற்றவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். வளையம் மட்டும் தனியாகக் கிடைத்தால் மாற்றலாம். தள்ளிப்போடாதீர்கள், நிற்க வேண்டிய நேரத்தில் பிரேக் விடுகிறது.

கேள்வி: வீட்டுக் கார் வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. பிரேக் ஆயில் மாற்ற வேண்டும் என்று டிரைவர் காசு கேட்கிறார். ஓடாத வண்டிக்கு எதற்கு? – ஒரு ஆச்சி, கண்டனூர்

பதில்: டிரைவர் சொல்வது நியாயம்தான் ஆச்சி. ஓடினாலும் நின்றாலும் பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு இறங்கிவிடும். அந்த ஈரம்தான் ஏபிஎஸ் கட்டிக்குள் துருப்பிடிக்கவும் காரணம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லுங்கள், மேலே டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுக்காமல் நாலு சக்கரம் வழியாகவும் பழைய ஆயில் வெளியே வர வேண்டும். எந்த ஆயில் என்று டப்பா மூடியிலேயே போட்டிருக்கும். ஷெட் அலமாரியில் போன தடவை மிஞ்சிய அரை டப்பா இருந்தால் அதை ஊற்றவிடாதீர்கள், சீல் பிரிக்காத சின்ன டப்பாவாக வாங்கிக்கொடுங்கள்.